சந்திரசேகரின் எச் சமன்பாடு: ஆல்பெடோ 1ஐ நெருங்கும்போது கணக்கு ஏன் நகர மறுக்கிறது?

மேகநிழல்

வணக்கம் நண்பர்களே.

அடர்ந்த மேகம் சூழ்ந்த ஒரு கோள் தன்மேல் விழும் ஒளியை எந்தக் கோணத்தில் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்று கணக்கிடும் நிரலை எழுதிவருகிறேன். அதன் மையத்தில் இருப்பது சந்திரசேகரின் எச் சார்பு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அதே சுப்ரமணியன் சந்திரசேகர், 1940களில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் கதிர்வீச்சுப் பரவலை ஆராய்ந்தபோது விரிவாகக் கையாண்ட சமன்பாடு இது:

எச்(மியூ) = 1 + (அ/2) × மியூ × எச்(மியூ) × ∫ [ எச்(நியூ) / (மியூ + நியூ) ], நியூ 0 முதல் 1 வரை.

மியூ, நியூ இரண்டும் கோணங்களின் கொசைன்கள். 'அ' என்பது ஆல்பெடோ, அதாவது துகள்மேல் மோதும் ஒளியில் உறிஞ்சப்படாமல் சிதறும் பங்கு.

தொகையீட்டை நடுப்புள்ளி விதிப்படி 2000 புள்ளிகளில் கூட்டலாக மாற்றினேன். எச் = 1 என்று தொடங்கி, வலப்பக்கத்தில் இட்டுக் கிடைப்பதை மீண்டும் வலப்பக்கத்தில் இடுகிறேன். அ = 0.5 என்றால் நொடியில் முடிகிறது. அ = 0.9999 என்றால் ஆயிரக்கணக்கான சுற்றுகள். அ = 1 என்றால் முடிவதே இல்லை. அலைநீளத்துக்கு ஓர் ஆல்பெடோ என்பதால் பல்லாயிரம் மதிப்புகளுக்கு இதைச் செய்தாக வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி அதில் ஓட்டுவதுதான் வழியா?

---

எண்ணடியான்

கார்டு வாங்க வேண்டாம். இந்தத் தேக்கம் கணினியின் வேகத்தால் வருவதல்ல. எங்கிருந்து வருகிறது என்பதைத் தாளில் நான்கு வரியில் காட்டிவிடலாம்.

எச் வளைகோட்டின் கீழுள்ள பரப்பை மட்டும் பாருங்கள். உங்கள் சுற்றின் இருபுறத்தையும் 0 முதல் 1 வரை தொகையிட்டால், வலப்பக்கத்தில் எச்(மியூ) × எச்(நியூ) × மியூ/(மியூ + நியூ) என்ற இரட்டைத் தொகையீடு வரும். மியூ, நியூ இரண்டையும் இடம் மாற்றினாலும் அதன் மதிப்பு மாறாது. மியூ/(மியூ + நியூ), நியூ/(மியூ + நியூ) இரண்டையும் கூட்டினால் 1. ஆகவே அந்த இரட்டைத் தொகையீடு பரப்பின் வர்க்கத்தில் சரிபாதி. கிடைப்பது இது:

புதிய பரப்பு = 1 + (அ/4) × பழைய பரப்பின் வர்க்கம்.

இதில் தோராயம் எதுவும் இல்லை. நீங்கள் 2000 மாறிகளோடு செய்யும் கணக்கின் உள்ளே, ஒரே மாறியில் அமைந்த இந்தச் சிறிய கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. இது போய்ச் சேர வேண்டிய இடம் 2(1 − √(1−அ))/அ. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் பிழை சுருங்கும் விகிதம் 1 − √(1−அ).

அ = 0.5 எனில் விகிதம் 0.293. பத்து இலக்கத் துல்லியத்துக்குச் சுமார் 19 சுற்றுகள் போதும். அ = 0.9999 எனில் விகிதம் 0.99. அதே துல்லியத்துக்குச் சுமார் 2300 சுற்றுகள் ஆகும். அ = 1 எனில் விகிதமே 1 ஆகிவிடுகிறது. பரப்பு 1, 1.25, 1.390625 என்று 2ஐ நோக்கி ஊர்ந்துபோகும். நெடுந்தொலைவில் பிழை ஏறத்தாழ 4ஐச் சுற்று எண்ணால் வகுத்த அளவு. ஆறு தசம இடங்களுக்கே நாற்பது லட்சம் சுற்றுகள். நூறு மடங்கு வேகமான கார்டு வாங்கினாலும் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு இலக்கங்கள்தாம்.

---

நாற்சந்தி

அப்படியானால் நேராக நியூட்டன் முறைக்குப் போய்விடலாமே. 2000 மாறிகள் என்பது இன்றைக்கு ஒன்றுமே இல்லை. ஜாக்கோபியன் அணியை (ஒவ்வொரு மாறியையும் சற்று அசைத்தால் ஒவ்வொரு சமன்பாடும் எவ்வளவு மாறும் என்ற வகைக்கெழுக்களின் அணி) எழுதி, ஒவ்வொரு படியிலும் நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்த்தால் ஐந்தாறு படிகளில் முடிந்துவிடும். புள்ளிகள் பெருகினாலும் பயமில்லை. அணியைச் சேமிக்காமல், திசையனோடு பெருக்குவதை மட்டும் செய்யும் ஜிஎம்ரெஸ் முறை (சாத், ஷூல்ட்ஸ், 1986) இருக்கிறது. இரண்டாம் வகைத் தொகையீட்டுச் சமன்பாடுகளில் (தேடும் சார்பு தொகையீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் வருபவை) ஜாக்கோபியன் 'அலகு அணி கழித்தல் ஒரு கச்சித வினைமாற்றி' (சில திசைகளில் மட்டுமே வலுவாகச் செயல்படுவது) என்ற வடிவில்தான் இருக்கும். அத்தகைய அணிகளுக்கு ஜிஎம்ரெஸ் மிகச் சில சுழற்சிகளில் நின்றுவிடும், புள்ளிகளை இரட்டிப்பாக்கினாலும் சுழற்சி எண்ணிக்கை கூடாது.

---

எண்ணடியான்

அ = 0.9 வரை நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். 1ஐ நெருங்கும்போது நியூட்டனும் தடுமாறும். அதையும் அந்த ஒற்றை மாறிச் சமன்பாடே காட்டிக்கொடுக்கிறது.

பரப்பு = 1 + (அ/4) × பரப்பின் வர்க்கம் என்பது இருபடிச் சமன்பாடு. அதற்கு இரண்டு மூலங்கள் உண்டு: 2(1 ± √(1−அ))/அ. இயற்பியலுக்குப் பொருந்துவது சிறிய மூலம். அ = 0.9999 ஆகும்போது அவை 1.9802, 2.0202 என்று அருகருகே வந்துவிடுகின்றன. அ = 1இல் இரண்டும் 2இல் ஒன்றாகிவிடும், ஜாக்கோபியன் பூச்சியக் கோவை அணியாகிவிடும், அதாவது அதற்கு நேர்மாறு இருக்காது. 1இலிருந்து தொடங்கும் நியூட்டன் அங்கே 1.5, 1.75, 1.875 என்று ஒவ்வொரு படியிலும் பிழையைப் பாதியாக மட்டுமே குறைக்கும். முழு எச் சார்புக்கு நியூட்டனை ஓட்டினாலும் பரப்பு இதே எண்களின் வழியாகத்தான் போகும். அ = 0.9999இல் மூலங்களுக்கு இடையிலான தூரத்தைவிடப் பிழை சிறிதாகும்வரை இந்தப் பாதியாதல்தான் நடக்கும், நியூட்டனுக்கே உரிய பாய்ச்சல் அதற்குப் பிறகே தொடங்கும். படிகள் சற்றுக் கூடுவதுகூடப் பெரிதல்ல, ஏறத்தாழப் பூச்சியக் கோவையான அணியைத் தீர்க்கும்போது கடைசி இலக்கங்கள் கையைவிட்டுப் போகின்றன. தெரிந்தே ஏன் அந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டும்?

தீர்க்கும் முறையை மாற்றுவதற்கு முன் சமன்பாட்டை மாற்றி எழுதுங்கள். இந்தத் துறையில் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுவது இதுதான்.

முதலில் எச்சால் வகுங்கள். மியூ/(மியூ + நியூ) என்பதை 1 − நியூ/(மியூ + நியூ) என்று பிரியுங்கள். பரப்பு நமக்கு முன்பே தெரியும் என்பதால் அதை உள்ளே வையுங்கள். கிடைப்பது:

1 / எச்(மியூ) = √(1−அ) + (அ/2) × ∫ [ நியூ × எச்(நியூ) / (மியூ + நியூ) ].

இதுவும் சந்திரசேகர் எழுதி வைத்த வடிவமே. இதில் இரண்டு நன்மைகள். வர்க்கமூலத்துக்கு முன் கூட்டல் குறி இருப்பதால், எச் நேர்மமாக இருக்கும்வரை தவறான இரண்டாம் தீர்வு உள்ளே நுழையவே முடியாது. அடுத்து, நியூ என்ற பெருக்கி மேலே வந்துவிட்டதால் மியூ = 0 அருகே தொகையீட்டின் கூர்மை மழுங்கிவிடுகிறது.

---

மேகநிழல்

எண்ணடியான் ஐயா, நீங்கள் சொன்ன வடிவத்தில் அ = 1 வைத்து ஓட்டினேன். முதலில் வேகமாக நெருங்குகிறது. பிறகு ஒரு சுற்றில் மேலே, ஒரு சுற்றில் கீழே என்று இரண்டு வளைகோடுகளுக்கு இடையில் மாறி மாறித் தாவுகிறது. அடங்கவே இல்லை.

---

எண்ணடியான்

அடங்காது, அதற்குக் காரணம் உண்டு. அ = 1இல் வர்க்கமூல உறுப்பு மறைந்துவிடுகிறது. சரியான எச்சை 1.1 ஆல் பெருக்கி உள்ளே இட்டால், வெளிவருவது 1.1 ஆல் வகுபட்டு வரும். மறுசுற்றில் மீண்டும் 1.1 மடங்கு. வடிவம் சரியாகிவிட்டாலும் ஒட்டுமொத்த அளவு ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

மருந்து எளிது. இரண்டு சுற்றுகள் ஓட்டுங்கள், அவ்விரண்டின் விடைகளையும் கூட்டிப் பாதியாக்குங்கள், அதிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். தீர்வின் அருகே இந்தச் சுற்றின் நேரியல் பகுதிக்கு ஐகன் மதிப்புகள் (பிழையின் ஒவ்வொரு கூறும் ஒரு சுற்றில் எத்தனை மடங்காகிறது என்ற எண்கள்) எல்லாம் −1க்கும் 0க்கும் இடையில் இருக்கின்றன (1/(மியூ + நியூ) என்ற கரு நேர்ம வரையறை உடையது என்பதால்). ஓர் ஐகன் மதிப்பு −க என்றால், சராசரிக்குப் பின் அந்தக் கூறு க(1−க)/2 மடங்காகச் சுருங்கும். க = 1 என்ற ஊசலாடும் கூறு அடியோடு அழிந்துவிடும். மற்றவை எதுவாயினும், மிக மோசமான க = 1/2இல்கூட, எட்டில் ஒன்றாகிவிடும். ஆக, தீர்வுக்கு அருகில் வந்தபின் பத்து இலக்கத்துக்கு 12 இணைச் சுற்றுகளே தாராளம். அ 0.5 ஆனாலும் 1 ஆனாலும் இதே உத்தரவாதம். நாற்பது லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

சுழிவேகம்

நல்ல விளக்கம். ஆனால் ஒரு சுற்றுக்கு ஆகும் செலவைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. 2000 புள்ளிகளில் நாற்பது லட்சம் பெருக்கல்கள். ஒரு லட்சம் புள்ளிகள் வேண்டுமென்றால் அணியைச் சேமிக்கவே 80 ஜிபி ஆகும். இங்கேதான் விரைவு ஃபூரியர் மாற்றம் கைகொடுக்கிறது. நடுப்புள்ளி விதியில் மியூ + நியூ என்பது வரிசை எண்களின் கூட்டலை மட்டுமே சார்ந்தது. அணியின் குறுக்கு மூலைவிட்டங்களில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். இது ஹாங்கெல் அணி. அதைத் திசையனோடு பெருக்குவது ஒரு சுருட்டல்தான் (ஒரு வரிசையை மற்றொன்றின்மேல் நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டுவது), ஃபூரியர் மாற்றத்துக்குப் பின் அது வெறும் பெருக்கல். ஒரு லட்சம் புள்ளிகளுக்கு ஆயிரம் கோடி பெருக்கல்களுக்குப் பதில் சில மில்லியன் செயல்களில் முடித்துவிடலாம், அணியையும் சேமிக்க வேண்டியதில்லை.

---

எண்ணடியான்

அணியின் அமைப்பைப் பற்றி நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. இந்தக் கணக்குக்கு அது தேவைதானா என்பதில்தான் நான் வேறுபடுகிறேன். எதற்காக ஒரு லட்சம் புள்ளிகள்? நடுப்புள்ளி விதி மெதுவாகத் துல்லியமடைகிறது என்பதற்காக. மெதுவான விதியை வைத்துக்கொண்டு அதை வேகமாக ஓட்டுவதைவிட, நல்ல விதியைத் தேர்ந்தெடுப்பது மேல்.

எச் சார்பு 0 முதல் 1 வரை மென்மையாகவே இருக்கிறது, ஓர் இடத்தைத் தவிர. மியூ 0ஐ நெருங்கும்போது அது 1 − (அ/2) × மியூ × மடக்கை(மியூ) என்று நடந்துகொள்கிறது. மதிப்பு 1தான், ஆனால் சரிவு அங்கே முடிவிலி. அந்த மூலையில் புள்ளிகளைக் குவித்தால் போதும். மியூ = டி என்ற புது மாறியின் மூன்றாம் அல்லது நான்காம் அடுக்கு என்று மாறியை மாற்றி, டி-யில் காஸ் விதியை (புள்ளிகளின் இடத்தையும் எடையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கும் தொகையிடும் விதி) பயன்படுத்துங்கள். சில பத்துப் புள்ளிகளில் நடுப்புள்ளி விதியின் லட்சம் புள்ளிகளுக்கு ஈடான துல்லியம் கிடைக்கும். ஐம்பதுக்கு ஐம்பது அணிக்கு ஃபூரியர் மாற்றம் எதற்கு?

இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்றால் அதற்கும் இடமுண்டு. மியூவை மடக்கை அளவில் சம இடைவெளியில் எடுங்கள். அப்போது கருவில் வருவது இரு மடக்கைகளின் வேறுபாடு மட்டும். மூலைவிட்டங்களில் ஒரே எண் திரும்ப வரும் டோப்ளிட்ஸ் அணி கிடைக்கும், அதற்கும் ஃபூரியர் மாற்றம் பொருந்தும், புள்ளிகளும் பூஜ்ஜியத்தின் அருகே தாமாகவே நெருங்கி நிற்கும்.

---

சுழிவேகம்

மடக்கை வலையை ஏற்கிறேன், அது அழகான தீர்வு. இந்த ஒரு சமன்பாட்டுக்கு ஐம்பது புள்ளிகள் போதும் என்பதும் சரிதான். ஆனால் இழையைப் படிப்பவர்கள் ஃபூரியர் மாற்றமே தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாச் சமன்பாடுகளும் இவ்வளவு மென்மையான தீர்வைத் தருவதில்லை.

---

திரவவேதி

சுழிவேகம் சொல்வதற்கு எங்கள் துறையே சாட்சி. திரவங்களில் ஒரு மூலக்கூறைச் சுற்றி மற்றவை எப்படி அடுக்கி நிற்கின்றன என்பதை ஆர்ன்ஸ்டைன், செர்னிகே 1914இல் எழுதிய தொகையீட்டுச் சமன்பாடு தருகிறது. அதோடு ஹைப்பர்நெட்டட் செயின் என்ற மூடல் உறவை (சமன்பாட்டைத் தீர்க்க இன்னும் தேவைப்படும் இரண்டாம் உறவு) சேர்த்தால் நேரியல் அல்லாத சமன்பாடு பிறக்கிறது. சமன்பாட்டின் ஒரு பாதி சுருட்டல், அது ஃபூரியர் வெளியில் வெறும் பெருக்கல். மறுபாதி புள்ளிக்குப் புள்ளி அடுக்குக்குறிச் சார்பு, அது சாதாரண வெளியில் எளிது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு வெளிகளுக்கும் போய்வர வேண்டும். விரைவு ஃபூரியர் மாற்றம் இல்லாமல், முப்பரிமாண வலையில் இதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

இங்கே நேரடிச் சுற்று பெரும்பாலும் சிதறி ஓடிவிடும். பழையதில் பெரும்பங்கு, புதியதில் சிறுபங்கு என்று கலந்துதான் முன்னேற முடியும், அது ஆமை வேகம். கில்லன் 1979இல் நல்ல வழி ஒன்றைக் காட்டினார். தீர்வின் கரடுமுரடான பெரிய வடிவத்தைச் சில பத்து மாறிகளில் எடுத்து நியூட்டனால் தீர்ப்பது, மிஞ்சும் நுண்விவரங்களை நேரடிச் சுற்றுக்கு விடுவது. குவியாமல் அடம்பிடிப்பது எப்போதும் அந்தப் பெரிய வடிவம்தான் என்பதால் இது நன்றாக வேலை செய்கிறது.

இன்று பலரும் கையாள்வது ஆண்டர்சன் முடுக்கம் (1965). கடந்த சில சுற்றுகளின் விடைகளையும் மீதங்களையும் (உள்ளே இட்டதற்கும் வெளிவந்ததற்கும் உள்ள வேறுபாடுகள்) நினைவில் வைத்து, மீதம் மிகக் குறைவாக வரும்படி அவற்றைக் கலப்பது. மின்னணு அமைப்புக் கணக்குகளுக்காகப் புலாய் 1980இல் கொண்டுவந்த டிஐஐஎஸ் முறையும் இதற்கு நெருங்கிய உறவு. எண்ணடியான் ஐயா சொன்ன 'இரண்டைக் கூட்டிப் பாதியாக்கு' என்பதும் இதே குடும்பம்தான். கலக்கும் விகிதத்தை அவர் தாளில் கண்டுபிடித்தார், ஆண்டர்சன் முறை அதை ஓடும்போதே கண்டுபிடிக்கிறது.

---

வெப்பக்கடத்தி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் சமன்பாடு வேறு வகை. சூடான தடித்த உலோகம் தன் மேற்பரப்பிலிருந்து கதிர்வீசிக் குளிர்கிறது. மேற்பரப்பு வெப்பநிலையின் நான்காம் அடுக்கு, நேர இடைவெளியின் வர்க்கமூலத்தால் வகுபட்டு, தொடக்கம் முதல் இந்நொடி வரை தொகையிடப்படுகிறது. பத்து லட்சம் நேரப்படிகள் தேவை. ஒவ்வொரு படியிலும் பழைய படிகள் அனைத்தையும் மீண்டும் கூட்டுவதால் நேரம் படிகளின் வர்க்கமாக ஏறுகிறது. எதிர்கால மதிப்புகள் தெரியாமல் ஃபூரியர் மாற்றம் எப்படிச் செய்வது?

---

சுழிவேகம்

உங்களுடையது வோல்ட்டெரா வகை, அதாவது தொகையீடு இந்நொடியோடு நின்றுவிடும். கருவும், அதாவது தொகையீட்டுக்குள் பெருக்கியாக வரும் சார்பும், நேர இடைவெளியை மட்டுமே சார்ந்த சுருட்டல் கரு. இதற்கென்றே ஹைரர், லூபிஷ், ஷ்லிக்டே மூவரும் 1985இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். நினைவுகளின் கூட்டல் ஒரு முக்கோணத்தை நிரப்புகிறது என்று எண்ணுங்கள். அந்த முக்கோணத்தை இரண்டு சிறு முக்கோணங்களாகவும் ஒரு சதுரமாகவும் வெட்டுங்கள். சதுரத்துக்கு வேண்டியவை எல்லாம் முதல் பாதிப் படிகளின் விடைகள், அவை ஏற்கெனவே கையில் உள்ளன. ஆகவே சதுரத்தை ஒரே ஃபூரியர் மாற்றத்தில் முடித்து, பங்களிப்பை இரண்டாம் பாதிக்கு அனுப்பிவிடலாம். சிறு முக்கோணங்களையும் இதேபோல் வெட்டிக்கொண்டே போங்கள். எதிர்காலம் எங்குமே தேவைப்படாது, நான்காம் அடுக்கும் அந்தந்தப் படியில் ஒற்றை மாறிச் சமன்பாடாகவே நிற்கும்.

பத்து லட்சம் படிகளுக்கு நேரடிக் கூட்டல் ஐம்பதாயிரம் கோடி. இந்த முறையில் செலவு படிகளின் எண்ணிக்கை × மடக்கையின் வர்க்கம், அதாவது நாற்பது கோடி அளவில் நிற்கும். ஒரு எச்சரிக்கை: வர்க்கமூலக் கருவால் தீர்வும் தொடக்கத்தில் நேரத்தின் வர்க்கமூலமாக நடந்துகொள்ளும். முதல் சில படிகளுக்கான எடைகளைத் திருத்தாவிட்டால், எவ்வளவு நுண்ணிய படி வைத்தாலும் எதிர்பார்த்த துல்லியம் வராது.

---

மேகநிழல்

காஸ் விதி, இணைச் சராசரி இரண்டையும் சேர்த்துவிட்டேன். அ = 1இலும் கண்ணிமைக்கும் நேரத்தில் நிற்கிறது. சரிபார்ப்பதற்காகப் பரப்பைக் கணக்கிட்டேன். வெறும் ஐந்து புள்ளிகள் வைத்தாலே 2 என்று பதினைந்து இலக்கத்துக்குச் சரியாக வருகிறது! ஐந்து புள்ளிகளே போதும் என்று வைத்துக்கொள்ளலாமா? இன்னொரு கேள்வி: பல்லாயிரம் அலைநீளங்களுக்கு ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டுமா, அல்லது அட்டவணை போட்டு இடைச்செருகலாமா?

---

எண்ணடியான்

இரண்டாம் கேள்விக்கு முதலில் பதில். அட்டவணையே சரி, ஆனால் அ-வில் சம இடைவெளி வைக்காதீர்கள். அ = 1இல் எல்லாமே √(1−அ) வழியாக மாறுகிறது, அங்கே அ-வின் பல்லுறுப்புக்கோவை பொருந்தவே பொருந்தாது. √(1−அ)வை ப என்று வைத்துப் பாருங்கள். பரப்பு 2/(1+ப) என்று எவ்வளவு மென்மையாகிவிடுகிறது! ப-வில் செபிஷேவ் புள்ளிகள் (முனைகளில் நெருங்கி நிற்கும் இடைச்செருகல் புள்ளிகள்) சில பத்து எடுத்து, அங்கெல்லாம் எச்சைத் தீர்த்து வைத்துக்கொண்டு இடைச்செருகுங்கள். உங்கள் பல்லாயிரம் தீர்வுகள் சில பத்தாகச் சுருங்கிவிடும்.

முதல் கேள்வி மிக முக்கியமானது. ஐந்து புள்ளிகள் போதாது. பரப்பு 2 என்று வருவது புள்ளிகளின் துல்லியத்தைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. மேலே இடம் மாற்றிக் கூட்டிய அந்த வாதம் தொகையீட்டுக்கு மட்டுமன்றி, எடைகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருக்கும் எந்தக் கூட்டலுக்கும் அப்படியே பொருந்தும். ஒரே ஒரு புள்ளி வைத்தாலும் 2 வரும். சுற்று குவிந்துவிட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று.

அடுத்து மியூ × எச்-இன் தொகையீடு அ = 1இல் 2/√3 என்பதை வைத்துச் சோதிக்கலாம் என்று தோன்றும். அதுவும் காஸ் விதியில் தானாகவே சரியாகிவிடும், ஏனெனில் அதன் நிரூபணத்துக்கு வேண்டியது மியூ-வர்க்கத்தின் தொகையீடு 1/3 என்பது மட்டும், அதைக் காஸ் விதி பிழையின்றித் தருகிறது.

தொகையிடும் விதியின் பிழையைக் காட்டும் சோதனை வேண்டுமென்றால், சுற்றுகளே இல்லாத தனி வழியில் எச்சைப் பெற வேண்டும். எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறும் இந்த எளிய நிலைக்கு அப்படி ஒரு வாய்ப்பாடு உண்டு:

மடக்கை எச்(மியூ) = −(மியூ/பை) × ∫ [ மடக்கை(1 − அ × தீட்டா × கோடேன்ஜென்ட்(தீட்டா)) / (கொசைன்²தீட்டா + மியூ² × சைன்²தீட்டா) ], தீட்டா 0 முதல் பை/2 வரை. மடக்கை இயல் மடக்கையே.

அ = 1 எனில் தீட்டா = 0இல் உள்ளே மடக்கை முடிவிலிக்குப் போகும். சாதாரண விதி அங்கே திணறும். தாகஹாசி, மோரி 1974இல் தந்த இரட்டை அடுக்குக்குறி மாற்றத்தைப் பயன்படுத்துங்கள், முனைகளில் உள்ள இத்தகைய கூர்மைகளுக்காகவே அமைந்தது அது. அ = 1, மியூ = 1இல் விடை 2.9078 என்று தொடங்க வேண்டும்.

---

மேகநிழல்

இவ்வளவு வெளிப்படையான வாய்ப்பாடு இருக்கும்போது சமன்பாட்டை ஏன் தீர்க்க வேண்டும், ஐயா? நேராக இதையே கணக்கிட்டுவிடலாமே?

---

எண்ணடியான்

உங்கள் மேகத் துளிகள் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறினால் தாராளமாக அப்படியே செய்யலாம். ஆனால் மேகத் துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே தள்ளுகின்றன. அந்தத் திசைச் சார்பை உள்ளே கொண்டுவந்தால், ஒற்றை எச்சின் இடத்தில் ஒன்றோடொன்று பிணைந்த பல சார்புகளின் சமன்பாடுகள் நிற்கும், வாய்ப்பாடும் கைவிட்டுவிடும். சுற்று முறை அங்கேயும் தொடர்ந்து செல்லும். சமச்சிதறலில் இந்த வாய்ப்பாட்டோடு உங்கள் நிரல் எத்தனை இலக்கம் ஒத்துப்போகிறது என்று புள்ளிகளை 10, 20, 40 என்று கூட்டிப் பாருங்கள். திசைச் சார்பைச் சேர்ப்பது அதற்குப் பிறகு.